கதைப் புத்தகம் எதுக்குத் தம்பி?

போன தீபாவளி லீவில் நம் சங்கத்தின் கமிட்டிக் கூட்டம் கல்லூரி டிராயிங் ஹாலில் கூடியது பலருக்கும் நினைவிருக்கும். ரீயூனியன் செலவு போக மிஞ்சும் பணத்தில் குடவாசல் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்குப் புத்தக அலமாரி ஒன்று கொடுப்பது என்று முடிவானது. 25,000 ரூபாய். எல்லோரும் கை தட்டினோம். என்னென்ன புத்தகம் என்று பேச ஆரம்பித்ததும்தான் சிக்கல் வந்தது. நான் "கதைப் புத்தகம்" என்றேன். எனக்கு நாலு செட் சீனியரான அண்ணன் ஒருவர் சிரித்துவிட்டார். (இப்போது துபாயில் இருக்கிறார். இதைப் படிப்பார், கோபித்துக்கொள்ள மாட்டார்.)

"கதைப் புத்தகம் எதுக்குத் தம்பி? பொது அறிவு, இங்கிலீஷ் கிராமர், போட்டித் தேர்வு கைடு வாங்கிப் போட்டா நம்ம பக்கத்துப் பிள்ளைங்க முன்னுக்கு வரும். கதை படிச்சு யாரு உருப்பட்டா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நம்மில் பாதிப் பேர் வீட்டில் முதல் பட்டதாரி. நடவுக்கும் அறுப்புக்கும் போய்ச் சேர்த்த காசில் ஃபீஸ் கட்டிய அம்மாக்களின் பிள்ளைகள். கைடு முக்கியமில்லை என்று சொல்ல எனக்கு வாய் வருமா? கடைசியில் அண்ணனே, "சரி, நீ ஒரு லிஸ்ட் போட்டுக் கொண்டா. ஆனா ஒவ்வொரு வகையும் எதுக்குன்னு சொல்லணும்" என்றார். மலர்க் குழுவினர், "அதையே கட்டுரையா எழுதிக் கொடுத்துடுங்க சார்" என்றார்கள். அதன் விளைவுதான் நீங்கள் படிப்பது. எலக்ட்ரிகல் படித்துவிட்டு ஓசூரில் டிரான்ஸ்ஃபார்மரோடு மல்லுக்கட்டுகிறவன் இலக்கிய வரலாறு எழுதுகிறான். தமிழ்ப் பேராசிரியர்கள் பொறுத்தருள்க.

லிஸ்ட் போட உட்கார்ந்தபோது ஒன்று தெரிந்தது. சிறுவர் கதை என்பது ஒரே சரக்கு இல்லை. மாயாஜாலக் கதை, துப்பறியும் கதை, சரித்திரக் கதை, விஞ்ஞானக் கதை, நடப்பு வாழ்க்கைக் கதை என்று பல வகை உண்டு. நெல்லில் குறுவைக்கும் தாளடிக்கும் ஒரே ரகத்தையா விதைக்கிறோம்? அதுபோல ஒவ்வொரு வகையும் ஒவ்வொரு வயசுக்கு, ஒவ்வொரு மனசுக்கு. எந்த வகை எப்போது, எப்படித் தமிழ்ப் பிள்ளைகள் கைக்கு வந்தது என்று தேடினால், அண்ணன் கேட்ட கேள்வி அவருடையது மட்டுமல்ல, இருநூறு வருஷமாகக் கேட்கப்படுவது என்று புரிந்தது.

அச்சில் வந்த ஆரம்பகாலத் தமிழ்க் கதைகளைப் பாருங்கள். வீரமாமுனிவர் என்று நாம் அழைக்கும் பெஸ்கி 18-ஆம் நூற்றாண்டில் எழுதிய பரமார்த்த குரு கதை, முட்டாள் குருவும் சீடர்களும் அடிக்கும் கூத்து. இன்றைக்குப் படித்தாலும் சிரிப்பு வரும். அவர் அதை எழுதியது தமிழ் கற்க வந்த ஐரோப்பியப் பாதிரிமார் பேச்சுத் தமிழ் பழகுவதற்கு. 1822-ல் இங்கிலீஷ் மொழிபெயர்ப்போடு லண்டனில் அச்சானது. அடுத்து 1826-ல் தாண்டவராய முதலியாரின் பஞ்சதந்திரக் கதை. அவர் சென்னைக் கோட்டைக் கல்லூரியில் தமிழாசிரியர். அங்கே படித்தவர்கள் கம்பெனி உத்தியோகத்துக்கு வந்த வெள்ளைக்காரப் பையன்கள். ஆக, இரண்டு புத்தகமும் துரைமாருக்குப் பாடப்புத்தகம்! நரியும் காக்கையும் அவர்களுக்கு இலக்கணம் நடத்திவிட்டு அப்புறம்தான் நம் பிள்ளைகளிடம் வந்தன.

நம்ம தஞ்சாவூரிலும் இதே கதைதான், வேறு மொழியில். இரண்டாம் சரபோஜி மன்னர் (ஆட்சி 1798 முதல் 1832 வரை) அரண்மனையில் ஓர் அச்சுக்கூடம் வைத்தார். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ஈசாப் கதைகளை மராத்தியில் மொழிபெயர்த்து 'பாலபோத முக்தாவளி' என்று தேவநாகரி எழுத்தில் அச்சிட்டார்கள். பெயரைக் கவனியுங்கள். 'பாலர்', அதை ஒட்டியே 'போதம்'. பிள்ளைக்குக் கதை வேண்டும்தான், ஆனால் அது போதனையாக இருக்க வேண்டும். 1840-ல் வந்த 'பாலதீபிகை'யைத்தான் தமிழின் முதல் சிறுவர் பத்திரிகை என்று குறிப்பிடுகிறார்கள். அங்கேயும் பிள்ளைகளுக்கு விளக்கு ஏற்றுவதுதான் நோக்கம், பெயரே சொல்கிறது.

சீமையிலும் அப்படித்தான் ஆரம்பம். 1744-ல் லண்டனில் ஜான் நியூபெரி என்ற புத்தகக் கடைக்காரர் பிள்ளைகளுக்கென்று ஒரு குட்டிப் புத்தகம் போட்டார். அதோடு பையன்களுக்கு ஒரு பந்து, பெண் பிள்ளைகளுக்கு ஒரு குண்டூசி மெத்தை. நீதியும் உண்டு, வேடிக்கையும் உண்டு என்று விற்ற புத்தகம் அது. வெறும் வேடிக்கைக்காகவே ஒரு முழுப் புத்தகம் எழுதலாம் என்ற துணிச்சல் பரவலாக வர இன்னும் நூறு வருஷம் ஆனது. 1865-ல் ஆலிஸ் முயல் வளைக்குள் விழுந்ததும் நீதி போதனைக்கு லீவு விட்டார்கள்.

தமிழில் அந்த லீவு எப்போது கிடைத்தது? என் கணக்குப்படி 1940-களில். அதற்கு முன்னால் ஒரு மாட்டு வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கதை எழுதினால் போதுமா? பிள்ளை கைக்குப் போய்ச் சேர வேண்டாமா? 1931 அக்டோபரில் நம்ம மன்னார்குடியில் ஒரு நூலகம் புறப்பட்டது. ஆம், புறப்பட்டது. மாட்டு வண்டியில் அலமாரி கட்டி, புத்தகம் அடுக்கி, கிராமம் கிராமமாக ஓட்டிப் போனார்கள். இந்தியாவின் முதல் நடமாடும் நூலகம் என்று சொல்லப்படுவது இதுதான். இதைச் செய்தவர் கனகசபை பிள்ளை. அவர் தமிழ்ப் புலவரோ பள்ளி வாத்தியாரோ இல்லை, ஓர் இன்ஜினியர்! இதைப் படித்தபோது எனக்கு மீசை இருந்தால் முறுக்கியிருப்பேன். பின்னால் துணை நின்றவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், இந்திய நூலகவியலின் தந்தை. 1948-ல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்ததற்கு அவர் உழைப்பே முக்கியக் காரணம். நம்ம ஊர்க் கிளை நூலகங்களில் உட்கார்ந்து சினிமாச் செய்தி படித்தவர்கள் எல்லோரும் அந்தச் சட்டத்துக்குக் கடன்பட்டவர்கள்தான்.

சரி, கதைக்கு வருவோம்.

1947 ஜூலையில் சென்னையில் நாகிரெட்டியும் சக்கரபாணியும் தெலுங்கில் 'சந்தமாமா'வும் தமிழில் 'அம்புலிமாமா'வும் தொடங்கினார்கள். நம் நாட்டுக்குச் சுதந்திரம் ஆகஸ்டில், பிள்ளைகளுக்கு ஒரு மாசம் முன்னாலேயே! விக்கிரமாதித்தன் முருங்கை மரத்தில் ஏறி வேதாளத்தை இறக்கித் தோளில் போட்டு நடப்பதும், அது கதை சொல்லிப் புதிர் போட்டு மறுபடி மரமேறுவதும் இதழுக்கு இதழ் வந்தன. அந்தப் படத்தை வருஷக்கணக்காக வரைந்த ஓவியர் சங்கர் 2020-ல் காலமானார். பழைய வேதாளக் கதை இருபத்தைந்துதான். அம்புலிமாமாவில் வேதாளம் அதற்கு மேலும் பல நூறு கதை சொன்னது. எங்கெங்கோ இருந்த நாட்டார் கதைகளையெல்லாம் பிடித்துவந்து வேதாளத்தின் வாயில் போட்டுவிட்டார்கள். 2010-களில் இதழ் நின்றுபோனது.

மாயாஜாலக் கதை எதற்கு என்று அண்ணன் கேட்பார். ஆறு வயசுப் பிள்ளைக்கு உலகமே புரியாத புதிர். பெரியவர்கள் சொன்னது சட்டம், காரணம் கிடையாது. அந்த வயசில், புதிருக்குச் சரியாகப் பதில் சொன்னால் பிசாசு கூடத் தோளைவிட்டு இறங்கும் என்று கேட்பது எவ்வளவு தெம்பு! வாயைத் திறந்தால் வேதாளம் ஓடிவிடும், தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் தலை வெடிக்கும் என்ற சிக்கலில் மன்னன் ஒவ்வொரு முறையும் பதிலைச் சொல்கிறான், மறுபடி மரத்துக்கு நடக்கிறான். அரியர் வைத்துப் பாஸ் செய்த நண்பர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

அதோடு, மாயக் கதைக்கு நாம் எங்கேயும் போக வேண்டாம். நம்ம ஊர்ப் பேரே ஒரு மாயக் கதை. பிரளயத்தில் மிதந்துவந்த அமுத குடத்தைச் சிவபெருமான் அம்பெய்து உடைத்தார், குடத்தின் வாய் விழுந்த இடம் குடவாயில், அதுதான் குடவாசல் என்று என் அப்பாயி சொல்வார். கோணேஸ்வரர் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் அந்தக் குடம் எவ்வளவு பெரிசு இருந்திருக்கும் என்று நான் கணக்குப் போடுவேன். மீதிக் குடம் கும்பகோணத்தில். அங்கே போக டவுன் பஸ்ஸில் எவ்வளவு நேரம் ஆகும்? அப்படியானால் குடத்தின் விட்டம் என்ன? எனக்கு ஜியோமெட்ரி அப்படித்தான் ஆரம்பித்தது.

அடுத்து துப்பறியும் கதை. தேவகோட்டையில் பிறந்த தமிழ்வாணன் 'அணில்' என்ற சிறுவர் இதழை நடத்திப் பெயர் வாங்கியவர். பிறகு 'கல்கண்டு' ஆசிரியரானார். அவருடைய சங்கர்லால் தேநீர் குடித்துக்கொண்டே நாடு நாடாகப் போய்க் கொலைகாரர்களைப் பிடித்தார். எங்கள் தெருவில் ஒருவரும் ஜில்லாவைத் தாண்டாத காலத்தில் சங்கர்லால் வெளிநாட்டில் டீ குடித்தார் என்பதே பெரிய விஷயம் என்பார் என் மாமா.

பிறகு 1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் முதல் இதழ், 'இரும்புக்கை மாயாவி'. இங்கிலாந்தில் 1962-ல் வந்த படக்கதையின் தமிழ் வடிவம். கதாநாயகன் மின்சாரத்தில் கை வைத்தால் உடம்பு மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியும். எலக்ட்ரிகல் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், தம்பி தங்கைகளே, யாரும் முயற்சி செய்ய வேண்டாம். ஃபியூஸ்தான் போகும். 1984-ல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் வந்தன. லயன் ஆசிரியர் எஸ். விஜயனுக்கு அப்போது பதினேழு வயசு. நமக்கு அந்த வயசில் ஹால் டிக்கெட்டை ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரிந்ததா?

ராணி காமிக்ஸ் 2005 வரை வந்தது. என் தலைமுறைக்கு அதுதான் ராஜபாட்டை. முகமூடி மாயாவி, ஜேம்ஸ்பாண்ட், கௌபாய்கள்! பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வாடகைப் புத்தகக் கடை ஒன்று இருந்தது. நாள் வாடகை 50 பைசா. ஏழாம் வகுப்பில் ஒருநாள் சமூக அறிவியல் புத்தகத்துக்குள் வைத்துப் படித்து மாட்டிக்கொண்டேன். ஆசிரியர் வகுப்பு நடுவில் நிற்க வைத்து, அந்தப் புத்தகத்தை நாலாகக் கிழித்து என் கையிலேயே கொடுத்தார். அடித்திருந்தால் மறந்திருப்பேன். அது என் புத்தகம் இல்லை, கடைக்காரருடையது. சாயங்காலம் கிழிசலைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போய் நின்றேன். அவர் பார்த்தார். சோற்றுப் பசை போட்டு அவரே ஒட்டினார். "மூணு பக்கம் காணும், பரவாயில்ல. இனிமே வீட்டுல படி தம்பி" என்றார். காசு கேட்கவில்லை. அந்த ஆசிரியரும் கெட்டவர் இல்லை. எனக்கு இலவசமாக ட்யூஷன் எடுத்தவர். கதை என்றால் பாடத்துக்கு எதிரி என்று அவருக்கும் யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

சரித்திரக் கதைக்குத் தஞ்சை ஜில்லாக்காரனுக்கு அறிமுகம் தேவையா? மாயவரம் பக்கத்துப் புத்தமங்கலத்தில் பிறந்த கல்கி, 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்' எழுதினார். அது சிறுவருக்கென்று எழுதியதல்ல. ஆனால் பத்தாவது லீவில் அதைப் படிக்காதவன் எங்கள் செட்டில் குறைவு. வந்தியத்தேவன் குதிரையில் போகிற வழியெல்லாம் நாம் சைக்கிளில் போகிற வழி. அந்தச் சந்தோஷத்தை வேறு எந்த ஜில்லாக்காரனுக்கும் விளக்க முடியாது.

ஆனால் இதில் எனக்கு ஒரு மனக்குறை. சோழன் கோச்செங்கணான் சேரமான் கணைக்கால் இரும்பொறையைப் போரில் பிடித்து அடைத்துவைத்த இடம் குடவாயிற் கோட்டத்துச் சிறை. அது நம்ம குடவாசல் என்பது மரபு. தண்ணீர் கேட்ட மன்னனுக்குக் காவலர் உடனே தரவில்லை. பிறகு கொடுத்ததை அவன் குடிக்காமல் உயிரை விட்டான் என்று புறநானூற்றின் 74-ஆம் பாட்டுக்குக் குறிப்பு சொல்கிறது. இதைவிட ஒரு சிறுவர் நாவலுக்கு என்ன கரு வேண்டும்? அந்தக் காவலரில் ஒருவனுக்குப் பன்னிரண்டு வயசில் மகன் இருந்து, அவன் ராத்திரி ஒரு செம்புத் தண்ணீரோடு சிறைக்கதவு வரைக்கும் போயிருந்தால்? அப்படி ஒரு கதை என் கண்ணில் பட்டதில்லை. படிக்கிற தம்பி தங்கை யாராவது எழுதுங்களேன்! கீழடியை வைத்து உதயசங்கர் 'ஆதனின் பொம்மை' எழுதி, அதற்கு 2023-ல் சாகித்ய அகாதமியின் பால சாகித்ய புரஸ்கார் கிடைத்தது. கீழடிக்கு ஒரு கதை என்றால் குடவாயிலுக்கு ஒன்று கூடாதா?

விஞ்ஞானக் கதையைப் பற்றி நான்தான் அதிகம் எழுத வேண்டும். ஆனால் சொல்லச் சரக்கு குறைவு. கல்வி கோபாலகிருஷ்ணன் 'பறக்கும் பாப்பா'வைப் பறக்கவிட்டு அறிவியல் சொன்னார். நல்ல முயற்சி, ஆனால் அதிலும் போதனையே தலைதூக்கும். ஜீனோ என்ற இயந்திர நாயைக் கண்டு நாம் மயங்கிய 'என் இனிய இயந்திரா' பெரியவர்களுக்கு எழுதியது. எழுதிய சுஜாதாவும் இன்ஜினியர்தான்! சிறுவருக்கென்றே நல்ல விஞ்ஞானக் கதை தமிழில் இன்னும் நிறைய வர வேண்டும். நம் கல்லூரி இதைக் கவனிக்கலாம்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த வகை, நடப்பு வாழ்க்கைக் கதை. ராஜா இல்லை, பேய் இல்லை, துப்பாக்கி இல்லை. நம்மைப் போல ஒரு பையன், ஒரு பெண், அவர்கள் வீடு, பள்ளிக்கூடம், சண்டை. மேற்கே 1868-லேயே நாலு அக்கா தங்கைகளின் வீட்டுக் கதையை லூயிசா மே ஆல்காட் எழுதிவிட்டார். தமிழில் இது பத்திரிகைகள் வழியாக வந்தது. 1950-ல் கலைமகள் நிறுவனம் 'கண்ணன்' இதழைத் தொடங்கியது. ஆசிரியர் ஆர்வி. அவர் நம்ம திருத்துறைப்பூண்டிக்காரர். சுமார் 22 வருஷம் அந்த இதழை நடத்திச் சிறுவர் தொடர்கதைகளுக்கு இடம் கொடுத்தார். அதே 1950-ல் அழ. வள்ளியப்பா குழந்தை எழுத்தாளர் சங்கத்தை ஆரம்பித்தார். பகலில் பாங்கு வேலை, மற்ற நேரம் குழந்தைகளுக்கு எழுத்து. பாட்டுக்காக அவரைக் கொண்டாடுகிறோம். 'நீலா மாலா' என்ற நாவலும் எழுதினார் என்பது பலருக்குத் தெரியாது. 1972-ல் 'கோகுலம்', 1984-ல் வாண்டுமாமா ஆசிரியராக இருந்து நடத்திய 'பூந்தளிர்', 1999-ல் 'சுட்டி விகடன்' என்று வரிசையாக வந்தன. இன்றைக்கு இவை ஒன்றும் அச்சில் வருவதில்லை.

இவற்றில் நான் படித்த கதைகளில் ஒரு விஷயம் உறுத்தியது. சின்ன வயசில் அது உறுத்தல் என்றுகூடத் தெரியாது. அந்தப் பிள்ளைகளுக்குத் தனியாகப் படிக்கும் அறை இருக்கும். அப்பா ஆபீசிலிருந்து வருவார். அம்மா பஜ்ஜி போடுவார். லீவுக்கு மாமா ஊருக்கு ரயிலில் போவார்கள். எங்கள் வீட்டில் லீவு என்றால் ஆடு மேய்ப்பு. அப்பா ஆபீசுக்குப் போகவில்லை, மேட்டூர் திறக்குமா திறக்காதா என்று டீக்கடை ரேடியோவில் காதை வைத்திருந்தார். அந்தக் கதைகளில் ஒரு பையன்கூட அரைநாள் பள்ளிக்கு மட்டம் போட்டு நாற்றுக்கட்டு தூக்கவில்லை. தெருவின் பெயரை வைத்து ஒருவனைப் பக்கத்தில் உட்கார வைக்காத விஷயம் எந்தக் கதையிலும் இல்லை. நான் புத்தகத்துக்கு வெளியே நின்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இது மாறிவிட்டது. மாற்றியவர்களில் இருவர் நம்ம பக்கத்துக்காரர்கள். பட்டுக்கோட்டையில் பிறந்த யூமா வாசுகியின் 'தன்வியின் பிறந்தநாள்' என்ற கதைத் தொகுப்புக்கு 2024-க்கான பால சாகித்ய புரஸ்கார். அடுத்த வருஷமே, 2025-ல், அதே விருது 'ஒற்றைச் சிறகு ஓவியா' நாவலுக்கு. எழுதியவர் விஷ்ணுபுரம் சரவணன். எந்த விஷ்ணுபுரம் தெரியுமா? நாம் டவுன் பஸ்ஸில் போகிற விஷ்ணுபுரம்தான்! பேப்பரில் பார்த்ததும் ஓசூர் ஆபீசில் பக்கத்து சீட்டுக்காரரை உலுக்கி, "எங்க ஊர் சார், எங்க ஊர்" என்றேன். அவர் சேலத்துக்காரர், என் பரபரப்பு அவருக்கு விளங்கவில்லை. சரவணன் எழுதிய 'கயிறு' என்ற சின்னக் கதை, பள்ளிப் பிள்ளைகள் கையில் கட்டும் சாதிக் கயிற்றைப் பற்றியது. படித்து முடிக்க அரைமணி ஆகாது. ஏழாம் வகுப்பில் அது என் கையில் கிடைத்திருந்தால், என் பக்கத்து பெஞ்சுக்காரனிடம் நான் நடந்துகொண்ட விதம் வேறாக இருந்திருக்கும். அந்தக் கதையை இங்கே எழுத எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

2020-ல் இதே விருது பெற்ற எஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' பிள்ளைகளைத் தவறாகத் தொடுகிறவர்களைப் பற்றிப் பேசுகிறது. அதில் பேசுவது ஒரு மரப்பாச்சி பொம்மை. பாருங்கள், மாயக் கதையும் நடப்புக் கதையும் இங்கே கை கோத்துவிட்டன. அம்மாவிடம் சொல்ல வாய் வராத விஷயத்தைப் பொம்மையிடம் சொல்லலாம் அல்லவா? வகைகளை நான் தனித்தனியாகப் பிரித்து எழுதினாலும் நல்ல புத்தகங்கள் வரப்பு தாண்டித்தான் மேய்கின்றன.

கடைசியாக ஒரு பள்ளம். பதிமூன்று முதல் பதினேழு வயசு வரைக்குமான கதை. அமெரிக்காவில் எஸ்.இ. ஹின்டன் என்ற பெண், பள்ளியில் படிக்கும்போதே தெருச் சண்டைப் பையன்களைப் பற்றி ஒரு நாவல் எழுதத் தொடங்கினார். 1967-ல் அது வெளிவந்தபின் அந்த வயசுக்கென்றே ஒரு தனி வகை நிலைபெற்றது. தமிழில் நாம் என்ன செய்தோம்? அம்புலிமாமாவை வைத்துவிட்டு நேராக ராஜேஷ்குமாரின் க்ரைம் நாவலுக்குத் தாவினோம். நடுவில் பாலமே இல்லை. பாலம் போல இருந்த ஒன்று இரா. நடராசனின் 'ஆயிஷா'. கேள்வி கேட்டுக் கேட்டு அடி வாங்கும் ஒரு மாணவி, வலி தெரியாமல் இருக்க மருந்தைத் தனக்கே ஊசி போட்டுக்கொண்டு இறந்துபோகும் கதை. அதைக் கல்லூரி முதல் வருஷம் ஹாஸ்டலில் படித்தேன். அன்று ராத்திரி மெஸ்ஸுக்குப் போகவில்லை. நாலாகக் கிழிந்த அந்த ராணி காமிக்ஸ் ஞாபகம்தான் வந்தது.

ஆகவே அண்ணனுக்கு என் லிஸ்ட். அம்புலிமாமா பழைய இதழ்கள் கிடைத்தவரை, கும்பகோணம் பழைய பேப்பர் கடைகளில் சொல்லிவைத்திருக்கிறேன். பஞ்சதந்திரம் ஒன்று, பரமார்த்த குரு ஒன்று. பொன்னியின் செல்வன் ஐந்து பாகமும் இரண்டு செட், ஏனென்றால் ஒரு செட்டில் முதல் பாகம் நிச்சயம் காணாமல் போகும். மேலே சொன்ன விருதுப் புத்தகங்கள் ஒவ்வொன்றிலும் மூன்று. 'கயிறு' மட்டும் நாற்பது, வகுப்புக்கு ஒன்றாக இல்லை, பிள்ளைக்கு ஒன்றாக. 'ஆயிஷா' ஐந்து, அவை ஆசிரியர்கள் அறைக்கு. மீதியில் 6,000 ரூபாய்க்கு அண்ணன் சொன்ன பொது அறிவுப் புத்தகமும் கைடும். அதில் எனக்கு வருத்தமில்லை, அதுவும் வேண்டியதுதான். அலமாரிக்குப் பூட்டு வேண்டாம் என்று தலைமையாசிரியரிடம் கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

இந்த லிஸ்டை வாட்ஸ்அப்பில் அண்ணனுக்கு அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. கோபம் போலிருக்கிறது என்று நினைத்தேன். மூன்றாம் நாள் ராத்திரி பதினொரு மணிக்கு துபாயிலிருந்து போன்.

"ஏம்ப்பா, எல்லாம் சரி. இரும்புக்கை மாயாவிய ஏன் லிஸ்ட்ல விட்டுட்ட?"

"காமிக்ஸ் வேணாம்னு சொல்வீங்களோன்னு பயந்துட்டேண்ணே."

"அடப்பாவி. அந்தப் பழைய புக்கு இப்ப கிடைக்குமா?"

"மறுபதிப்பு வந்திருக்குண்ணே. சிவகாசிக்குக் கேட்டு எழுதறேன்."

"ரெண்டா வாங்கு. ஒண்ணு பள்ளிக்கூடத்துக்கு."